கஜபதி இளைத்த மார்கழி

கஸ்தூரிக்குத் தன் புருஷன் குண்டாக இருப்பதில் ஒரு கௌரவம் இருந்தது. அவளுடைய சமையலுக்கு ஊரறிய நடமாடும் சாட்சி அவர். வெள்ளானூர்த் தெருவில் கஜபதி சைக்கிள் மிதித்துக்கொண்டு போனால், சைக்கிள் போடும் சத்தத்தை வைத்தே, "இன்னிக்கு கஸ்தூரி ஊட்டுல வஞ்சிரம் போல கீது" என்று பேசிக்கொள்வார்கள். அவளுக்கு அது பட்டம் வாங்கின மாதிரி.

கஜபதி ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. அவருக்கும் தன் உடம்பைப் பற்றி எந்தக் குறையும் இருந்ததில்லை, நாடகம் என்று ஒன்று குறுக்கே வரும்வரை.

தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் மனமகிழ் மன்றம் ஒன்று உண்டு. அங்கே பொங்கலுக்குப் பொங்கல் நாடகம் போடுவார்கள். எழுதுவது, இயக்குவது, திட்டுவது எல்லாம் இராமகிருஷ்ணன். திருநெல்வேலிக்காரர், அதே தொழிற்சாலையில் ஃபோர்மேன். கஜபதிக்கு நல்ல கணீர்க் குரல், மைக் கெட்டுப்போனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். ஆனால் கிடைத்த வேஷமெல்லாம் அரக்கன், சிறைக்காவலன், வட்டிக்காரன். ஒரு வருஷம் கோட்டைக் கதவு நிற்கமாட்டேன் என்றதால் நாடகம் முழுக்க அதற்கு முட்டுக்கொடுத்து நின்றார்.

அந்த வருஷ நாடகத்தில் ஓர் இளவரசன். எதிரியிடம் சிறைப்பட்டு, மக்களுக்காக அன்ன ஆகாரமில்லாமல் கிடந்து, துரும்பாய் இளைத்து, கடைசியில் நீளமாக வசனம் பேசுவான். அந்த வசனத்தைக் கேட்டதிலிருந்து கஜபதிக்குத் தூக்கம் போய்விட்டது.

"அந்த வேஷம் எனக்குக் குடுங்கன்னு கேட்டுட்டேன்" என்றார் கஸ்தூரியிடம்.

கஸ்தூரி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முறம் நழுவியது.

"நீ சிரிக்கறே. அவரு சிரிக்கல. குரல் உங்களுதுதான் அண்ணாச்சின்னாரு. ஆனா பட்டினி கெடக்குத இளவரசன் இந்த உடம்போட மேடைக்கு வந்தா, சனங்க சிறைச்சாலைச் சாப்பாட்டைப் பத்தி நல்லவிதமா நெனைச்சிரும் பாத்துக்கிடுங்கன்னாரு. மார்கயி முடியறதுக்குள்ள எளைச்சா எனக்கு. இல்லாட்டி மனோகரனுக்கு."

மனோகரன் குடைக்கம்பி மாதிரி இருப்பான். குரலும் எண்ணெய் போடாத கதவுதான். அவனிடம் அந்த வசனம் போவதைக் கஜபதியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் அவர் ஏரிக்கரையில் ஓடினார். கஜபதி ஓடி யாரும் பார்த்ததில்லை. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து நாலு பேர் குடத்தோடு பின்னால் ஓடினார்கள். அத்தோடு ஓட்டம் நின்றது. ராத்திரிச் சோற்றை விட்டுப் பார்த்தார். காலையில் அதையும் சேர்த்துச் சாப்பிட வேண்டியதாகிவிட்டது.

அப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது. கஜபதி எப்போதும்போலச் சாப்பிட்டார், ஆனால் இளைத்தார். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. கன்னம் ஒட்டியது. சைக்கிள்கூடச் சத்தம் போடுவதை நிறுத்தியது. கஸ்தூரிக்குத் திக்கென்றது. தன் கை மணத்துக்கு என்ன ஆயிற்று என்று ஒரு நாள் குழம்பை நாலு தடவை ருசி பார்த்தாள். குறை ஒன்றும் தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் அவளுக்குப் புரியவில்லை. தெருவே மஃப்ளர் கட்டிக்கொண்டு நடுங்குகிற மார்கழியில், அவர் மட்டும் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, ஈரத்துண்டைப் போர்த்தி, அதற்கு மேலும் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் படுத்தால் இட்லிக் குண்டானை ஒட்டிப் படுத்த மாதிரி இருந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்.

"ஒடம்பு எளைக்கசொல்ல அப்டித்தான் சூடு வெளிய வரும்" என்றார் கேட்டதற்கு.

"யார் சொன்னா?"

"பொதுவா சொல்றதுதான்."

கஸ்தூரியின் தம்பி உத்தமன் அந்த மாதத்தில் அடிக்கடி வந்து போனான். குமணன்சாவடியில் அறை எடுத்துத் தங்கி, வருஷத்துக்கு ஒரு வியாபாரம் பண்ணுகிறவன். ஊதுபத்தி விற்றான். எலிப்பொறி விற்றான். அம்மா செத்தபிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் கஸ்தூரிதான். ஊர் அவனைப் பற்றி என்ன சொன்னாலும், "அவன் மனசு தங்கம், நேரந்தான் சரியில்ல" என்பாள். மாமாவும் மச்சானும் கிணற்றடியில் நின்று குசுகுசுவென்று பேசுவதைப் பார்த்து அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

பிறகு ஒரு நாள் துணி துவைக்கும்போது அவள் பனியனைப் பார்த்தாள். கழுத்து, முதுகு, அக்குள், எல்லாம் மஞ்சள். தலையணை உறையை எடுத்தாள். அதிலும் மஞ்சள். சோப்புப் போட்டுக் கும்மினாள், போகவில்லை.

கல்லில் துணியை வைத்துவிட்டு யோசித்தாள். புருஷன் திடீரென்று இளைக்கிறார். தினமும் ஒத்திகை என்று போகிறார். நாடகத்துக்கு நாயகியாக நடிக்க பூந்தமல்லியிலிருந்து சொர்ணம் என்று ஒரு நடிகையைச் சம்பளம் பேசி அழைத்து வந்திருக்கிறார்கள். மஞ்சள் பூசாத பொம்பளை எவள்?

பனியனைக் கூடையில் போட்டுக்கொண்டு, தலையைக்கூட வாராமல், கஸ்தூரி பஸ் ஏறினாள்.

மன்றத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேடையில் காகிதச் சங்கிலி பூட்டி கஜபதி நின்றார். வேஷம் அவருக்கே கிடைத்துவிட்டிருந்தது. ஒரு மூலையில் மனோகரன் சிறைக்காவலன் வேஷத்தில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தான். கஸ்தூரி நேராக மேடையேறி, சொர்ணத்தின் முன்னால் பனியனை விரித்துக் காட்டினாள்.

"இன்னாம்மா இது?"

சொர்ணம் பல மேடை பார்த்தவள். பனியனை ஏற இறங்கப் பார்த்தாள். "பனியனு."

"யாரு மஞ்சா இது? எவ சாஞ்சா எம் புருசன் மேல?"

"நைனா மேலயா?" சொர்ணம் இடுப்பில் கையை வைத்தாள். "இந்தாக்கா, நல்லாக் கேட்டுக்கோ. ஒன் புருசன் கிட்ட நின்னா கும்முட்டி அடுப்பு கிட்ட நின்ன மாதிரி கீது. நான் ரெண்டடி தள்ளி நின்னுதான் லவ் பண்ணிகினு கீறேன். வேணும்னா டைரக்டரக் கேளு."

"உண்மைதான் தாயீ" என்றார் இராமகிருஷ்ணன் வருத்தத்தோடு. "கட்டிப்பிடிக்கிற காட்சியையே தூக்கியாச்சு."

சொர்ணம் தன் மேக்கப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து கஜபதியின் கழுத்தைத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளாயிற்று. இன்னொரு பஞ்சு எடுத்து அதே இடத்தைத் துடைத்தாள். அதுவும் மஞ்சள். கஸ்தூரியின் கண்ணெதிரே, துடைத்த இடத்தில் மறுபடி வேர்வை துளிர்த்தது. மஞ்சளாகவே துளிர்த்தது.

"பூசினது இல்லக்கா. உள்ளருந்து வருது" என்றாள் சொர்ணம். இப்போது அவள் குரலில் கிண்டல் இல்லை.

"காமாலை" என்றான் மனோகரன் சற்று ஆவலோடு.

கஜபதி எதையோ மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மைல் தூரம் ஓடினவர்போல மூச்சு இரைத்தது. காகிதச் சங்கிலி பொத்தென்று அறுந்துவிழ, இளவரசர் சிறைக்கம்பிகளோடு சேர்ந்து சாய்ந்தார்.

ஆவடியில் அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் வசந்தா வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு, உதறி மறுபடியும் வைத்துப் பார்த்தார். "ஐஸ் கொண்டு வாங்க. எவ்வளவு கிடைக்குதோ அவ்வளவும்" என்றார். ஆஸ்பத்திரியில் இருந்த ஐஸ் கஜபதியின் ஒரு தோளுக்குத்தான் போதுமானதாக இருந்தது. இராமகிருஷ்ணன் மீன் மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் பறந்து, பெட்டி பெட்டியாக ஐஸ் கொண்டு வந்தார். நடுவில் இரண்டு சங்கரா மீனும் வந்துவிட்டன. ஐஸ் மலையில் புருஷனைக் கிடத்தியிருந்த கோலத்தைப் பார்த்த கஸ்தூரிக்கு அழுகையும் வந்தது, வஞ்சிரமும் ஞாபகம் வந்தது.

"காமாலையாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லை. கண் வெள்ளையாத்தான் இருக்கு. தோலும் வேர்வையும்தான் மஞ்சள்." டாக்டர் குனிந்தார். "சார், என்ன சாப்பிட்டீங்க?"

"மாம்பயம்" என்றார் கஜபதி.

"மார்கழியிலா?"

"அப்போ பப்பாளி."

"சார், உங்க உடம்பு உள்ளே எரிஞ்சிக்கிட்டிருக்கு. என்ன மருந்துன்னு தெரியாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கஜபதி கண்ணை மூடிக்கொண்டார். சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிற முகம் அது. கஸ்தூரிக்கு அந்த முகம் தெரியும். ஆனால் யாருக்குக் கொடுத்த சத்தியம் என்பதுதான் தெரியவில்லை.

சேதி கேட்டு உத்தமன் ஓடி வந்தான். கையில் சாத்துக்குடிப் பை. "மாமாவுக்கு இன்னாக்கா ஆச்சு?" என்று பையை நீட்டினான். வாங்கப் போன கஸ்தூரியின் கை பாதியில் நின்றது. அவன் விரல் நுனிகள் மஞ்சள். நகக்கண்ணெல்லாம் மஞ்சள். அவள் கல்லில் போட்டுக் கும்மியும் போகாத அதே மஞ்சள்.

"இன்னாடா வெரலு இது?"

"மஞ்சத்தூள் யாவாரம்க்கா."

அவள் அவன் விரலை முகர்ந்து பார்த்தாள். மஞ்சளின் வாசனை இல்லை. ஏதோ பட்டறை வாசனை. சாத்துக்குடி தரையில் உருண்டோட, மணிக்கட்டைப் பிடித்து அவனை டாக்டரின் முன்னால் இழுத்துப் போய் நிறுத்தினாள். சின்ன வயதில் மாங்காய் திருடினவனை அப்படித்தான் இழுத்துப் போய் நிறுத்துவாள்.

மெல்ல மெல்ல வந்தது. திருமழிசைத் தொழிற்பேட்டையில் சாயப் பொருள் பண்ணுகிற கம்பெனி ஒன்று. அங்கே லோடு ஏற்றப் போன இடத்தில் ஒரு புரோக்கர் சொன்னான், இந்த மஞ்சள் பொடியைத் தின்றால் கொழுப்பு மெழுகாய் உருகும், வெளிநாட்டில் சினிமாக்காரர்களே தின்றிருக்கிறார்கள் என்று. ஒரு டிரம்மை வாங்கி, காலி கேப்ஸ்யூல் கூடுகளில் அடைத்து, 'மெலிவு மாத்திரை' என்று உத்தமன் விற்றுக்கொண்டிருக்கிறான்.

டாக்டர் அந்தப் பொடியின் பெயரைக் கேட்டு, பட்டணத்தில் யாருக்கோ போன் போட்டுப் பேசிவிட்டுத் திரும்பினார். முகம் மாறியிருந்தது. "வெளிநாட்டில் ஐம்பது வருஷத்துக்கு முந்தி இதை மருந்துன்னு வித்தது நிஜம்தான். சாப்பிட்டவங்க சில பேர் செத்தாங்க, பல பேருக்குக் கண் போச்சு. அதனால தடை பண்ணிட்டாங்க. இதுக்கு மாற்று மருந்தே கிடையாது. குளிர்விச்சுக் காப்பாத்தினால்தான் உண்டு. இது சாயம் பண்ற சரக்கு. வெடிமருந்துக்கும் போடுவாங்க."

ஐஸ் மலையிலிருந்து ஈன சுரத்தில் குரல் வந்தது. "வெடிமருந்தா?"

"ஆமா சார்."

"ஐயோ கஸ்தூரி. எங்க ஃபேக்டரி கேட்டுல தீப்பெட்டி கூட உள்ள உடமாட்டான். நான் தெனம் வயித்துல வெடிமருந்த வச்சிகினு செக்யூரிட்டிக்கு சலாம் போட்டுகினு உள்ள போயிகினு கீறேன். தெரிஞ்சா வேலை பூடும்."

இராமகிருஷ்ணன் தன்னை அறியாமல் கட்டிலிலிருந்து ஓர் அடி பின்வாங்கினார்.

கஸ்தூரி தம்பியின் பக்கம் திரும்பினாள். "வேற யார்க்கெல்லாம் குடுத்தடா?" என்றாள்.

கஜபதியைத் தான் பார்த்துக்கொள்வதாக டாக்டர் சொல்ல, தம்பியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் உத்தமன் புலம்பினான். "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா நல்ல மருந்துன்னுதான் நெனச்சேன். இல்லாட்டி மாமாவுக்கே குடுப்பனா?" அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மாத்திரை வாங்கின வீடுகள் நிறைய இல்லை. ஞானம்மாள் என்கிற இட்லிக் கடைக்காரி, வாங்கின நாளே ஒன்றைப் பிரித்துக் கையில் கொட்டிப் பார்த்து, கை மஞ்சளானதும் மொத்தத்தையும் சாக்கடையில் எறிந்திருந்தாள். "எந்த மருந்துடா தொட்டா போவாது?" என்று உத்தமன் முதுகில் ஒன்று வைத்தாள்.

பூந்தமல்லியில் அடுத்த வீடு. தை பிறந்தால் கல்யாணம் என்று நிச்சயமான வனஜா. மாப்பிள்ளையின் அம்மா, பெண் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாளாம். சீக்கிரம் இளைக்கட்டும் என்று வனஜா ஒன்றுக்கு இரண்டாக விழுங்கியிருந்தாள். கஸ்தூரி போனபோது சிமெண்ட் தரையில் ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு கிடந்தாள். பேச்சில்லை. மூச்சு மட்டும் நாய்க்குட்டிபோல வேகமாக ஓடியது. குளிர்காலத்துத் தரையில் அவளைச் சுற்றி மஞ்சளாக ஈரம் படர்ந்திருந்தது. கல்யாணத்துக்கு நலங்கு வைத்துவிட்டார்கள் என்று ஒரு கணம் கஸ்தூரிக்குத் தோன்றியது. அந்த நினைப்பை உதறிவிட்டுக் குனிந்தாள்.

வனஜாவின் அம்மாவும் கஸ்தூரியும் அவளைத் தூக்கி ஆட்டோவில் கிடத்தினார்கள். உத்தமன் கால் பக்கம் பிடிக்க வந்தான். "தொடாதே" என்றாள் கஸ்தூரி. வாழ்க்கையில் முதல்முறையாகத் தம்பியிடம் அப்படி ஒரு குரலில் பேசினாள். ஆட்டோ தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது.

இரண்டு பேரும் ரோட்டோரம் நின்றார்கள். பெங்களூர் லாரிகள் புழுதியடித்துக்கொண்டு போயின.

"அக்கா, ஊட்டுக்குப் போலாம்க்கா. நான் இனிமே இந்த யாவாரமே பண்ணமாட்டேன்."

"ஸ்டேஷனுக்கு நட."

"அக்கா, நான் ஒன் தம்பிக்கா."

"அத்தொட்டுத்தான் நானே கூட்டிகினு போறேன். வேற எவனாச்சும் இட்டுகினு போனா அடிச்சி இட்டுகினு போவான்."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் நடந்தாள்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் பக்தவத்சலம் இருந்தார். மேஜையில் இரண்டு டேபிள் ஃபேன்கள் அவரைப் பார்த்துச் சுழன்றன. தலையில் ஈரத்துண்டு. பக்கத்தில் பானை. கஸ்தூரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மஞ்சள் பொடி, சாயக் கம்பெனி, ஐஸ், வனஜா. சொல்லச் சொல்ல அவர் முகம் தொங்கிக்கொண்டே வந்தது. கஸ்தூரி அப்போதுதான் அவருடைய காக்கிச் சட்டையின் காலரைக் கவனித்தாள். காக்கி என்பதால் அதுவரை தெரியவில்லை.

திரும்பித் தம்பியைப் பார்த்தாள். உத்தமன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவருக்குமாடா?"

"மேலதிகாரி தொப்பையப் பாத்து ஏதோ சொல்லிட்டாருன்னு அவருதான்க்கா கூப்ட்டு உட்டாரு."

பக்தவத்சலம் மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு டப்பாவை எடுத்து, அதை இரண்டு விரலால் பிடித்து, தூரமாக வைத்தார். "கண் போயிடும்னாங்களா?" என்றார் மெதுவாக.

"செத்துப் போனவங்களும் உண்டுன்னாங்க, சார்."

"கான்ஸ்டபிள்!" என்று அலறினார். "இவன அரஸ்ட் பண்ணு. ஜீப்ப எடு. என்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. வழியில ஐஸ் கடை எங்க கீது?"

அந்த வட்டாரத்தில் போலீஸ்காரர் ஒருவர் குற்றவாளியைக் கைது செய்த கையோடு அவன் தோளிலேயே சாய்ந்துகொண்டு ஜீப் ஏறியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கஜபதி பிழைத்தார். பக்தவத்சலமும் பிழைத்தார். வனஜா பல நாள் இழுபறியாகக் கிடந்து, ஒருவழியாக எழுந்து உட்கார்ந்தாள். கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போனது. மாப்பிள்ளையின் அம்மா தினமும் தூக்குச்சட்டியில் நெய்ச்சோறு கொண்டு வந்து ஊட்டிவிட்டுப் போனாள். மனோகரன் இளவரசனாக நடித்தான். அவன் வசனம் பேசத் தொடங்கியதும் முன்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, நாடகம் முடியும்வரை நிறுத்தவில்லை என்று சொர்ணம் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

திருமழிசைக் கம்பெனியில் மிச்சமிருந்த டிரம்களைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. புரோக்கர் ஓடிவிட்டான். உத்தமனுக்கு ஜெயில். கோர்ட்டில் கஸ்தூரி கூண்டேறி, நடந்ததை நடந்தபடியே சொன்னாள். இறங்கும்போது தம்பியைப் பார்க்கவில்லை. ஊரில் சிலர் கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். பூந்தமல்லித் தரையில் பார்த்தது அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த ஆடியில், கஜபதி சாப்பிட உட்கார்ந்தவர், "அடுப்புல இன்னா இம்மாம் பொகை?" என்றார்.

"அடுப்ப அணைச்சி எம்மா நேரம் ஆவுது" என்றாள் கஸ்தூரி. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தருகே போய் விரலை ஆட்டினாள். அவர் சிரிக்க முயன்றார். டாக்டர் வசந்தா எச்சரித்திருந்தது வந்தேவிட்டது. கிழவர்களுக்கு வருகிற கண்புரை நடுவயதில் வந்திருந்தது. பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டார். உடம்பு மட்டும் பழையபடி தேறியது, கஸ்தூரியின் கை விடவில்லை. இராமகிருஷ்ணன் வந்து, அந்த வருஷத்துக்கு அரசவைப் புலவர் வேஷம் என்று சொல்லிவிட்டுப் போனார். புலவர் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாமாம்.

ஒரு நாள் மத்தியானம், ஜெயிலிலிருந்து வெளியே வந்த உத்தமன் வாசலில் நின்றான். முகம் வற்றியிருந்தது. கையில் ஒரு பை இருந்தது. பையைப் பார்த்ததும் கஸ்தூரிக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ தெரியாது. "அக்கா" என்று அவன் வாயைத் திறப்பதற்குள் பையைப் பிடுங்கி, ஓடிப்போய்க் கிணற்றில் வீசினாள். தொப்பென்று சத்தம் கேட்டது.

உத்தமன் அப்படியே நின்றான். "ஜாங்கிரிக்கா" என்றான். "மாமாவுக்குப் புடிக்குமேன்னு பூந்தமல்லியில வாங்கியாந்தேன்."

கஸ்தூரி மூக்கை உறிஞ்சினாள். "கை கால் கயுவிகினு உள்ள வா. எல போடறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள்.

கஜபதி மட்டும் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டபடி, உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெய்யில போட்டதாடா?" என்றார்.

"ஆமா மாமா" என்றான் உத்தமன்.